பாட்டுக்குச் சட்டை தைத்தவர்

சுவீடன் நாட்டு இசை மேதை ஹியூகோ ஆல்வேன் வாழ்க்கைக் கதை

சுவீடன் நாட்டில் ஒரு பழைய பாட்டு உண்டு. பாடி முடிக்கச் சுமார் மூன்று நிமிஷம் ஆகும்.

பாட்டில் பெரிய கதை எதுவும் கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி. அங்கே நீல நிறக் காட்டுப் பழங்கள் பழுத்திருக்கின்றன. மனசுக்குப் பிடித்த ஒருவரை அங்கே வரச்சொல்லிப் பாட்டு அழைக்கிறது. நடுநடுவே பூக்களின் பெயர்களும் வாசனைச் செடிகளின் பெயர்களும் வருகின்றன. அவ்வளவுதான்.

இந்தப் பாட்டு கோட்லாந்து என்ற தீவைச் சேர்ந்தது. சுவீடனின் கிழக்குக் கரைக்கு அப்பால், பால்டிக் கடலில் இருக்கிறது இந்தத் தீவு. பாட்டை முதலில் கட்டியவர் யார்? யாருக்கும் தெரியாது. நாட்டுப் பாட்டுகளுக்கு உள்ள விதி அதுதான்.

இன்று சுவீடனில் பாடகர் கோஷ்டி உள்ள ஊர்களில் இந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் அபூர்வம். வெளிநாட்டுக் கோஷ்டிகளும் சுவீடிஷ் மொழி உச்சரிப்பைக் கஷ்டப்பட்டுப் படித்துக்கொண்டு இதைப் பாடுகின்றன.

ஆனால் அவர்கள் பாடுவது தீவில் யாரோ ஒருவர் தனியாகப் பாடிய அந்தப் பழைய உருவத்தை அல்ல. நாலு குரல்கள் சேர்ந்து பாடும்படி ஒருவர் அமைத்துக் கொடுத்த உருவத்தை. அப்படி அமைத்த ஆண்டு 1923. அமைத்தவர் ஹியூகோ ஆல்வேன்.

அவர் சாதாரண மனிதர் அல்ல. ஐந்து சிம்பொனிகள் எழுதியவர். சிம்பொனி என்றால் பெரிய வாத்திய கோஷ்டி ஒன்றாகச் சேர்ந்து, அரை மணி நேரமும் அதற்கு மேலும் வாசிக்கும் இசை. மேல்நாட்டு சங்கீதத்தில் அதை எழுதுகிறவருக்குத்தான் மிகப் பெரிய மரியாதை.

அந்த மரியாதை ஆல்வேனுக்கும் கிடைத்தது. ஆனாலும் ஜனங்களின் வாயில் நிற்பது அந்த மூன்று நிமிஷப் பாட்டுதான். அந்த மெட்டோ அவருடையது அல்ல!

அப்படியானால் அதில் அவருடையது எது? இந்தக் கேள்விக்குப் பதில்தான் அவருடைய வாழ்க்கை.

தையற்காரர் மகன்

1872-ம் ஆண்டு மே மாதம் 1-ந்தேதி, சுவீடன் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஹியூகோ பிறந்தார். அப்பா ஆண்டர்ஸ் ஆல்வேன் ஒரு தையற்காரர்.

ஸ்டாக்ஹோம் தண்ணீரால் சூழ்ந்த நகரம். பல தீவுகளைப் பாலங்களால் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கிழக்கே கடலில் ஆயிரக்கணக்கான சின்னத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. சில தீவுகளில் மீனவர் குடிசைகள். சில தீவுகளில் வெறும் பாறைகள். அந்தக் கடலின்மேல் ஹியூகோவுக்கு அளவு கடந்த பிரியம். பிற்காலத்தில் அவருடைய பெரிய இசைகளில் அந்தக் கடல் திரும்பத் திரும்ப வந்தது.

சிறு வயதிலேயே அவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று வயலின். மற்றொன்று சித்திரம்.

பதினைந்தாவது வயதில், 1887-ல், ஸ்டாக்ஹோம் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தார். வயலின்தான் முக்கிய பாடம். அதோடு ஓவியர்களிடம் போய்ச் சித்திரமும் கற்றுக்கொண்டார். நீர்வர்ணத்தில் மலை, கடல், மேகம் என்று தீட்டிக் கொண்டேயிருந்தார்.

சங்கீதமா, சித்திரமா? ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். சங்கீதத்தையே தேர்ந்தெடுத்தார். ஆனால் தூரிகையைத் தூக்கி எறியவில்லை. கடைசி வரையில் சித்திரம் தீட்டினார்.

1890-ல் ஸ்டாக்ஹோம் அரச நாடக சங்கீத அரங்கில் வயலின் வாசிக்கும் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் அங்கே வாசித்தார். பெரிய வாத்திய கோஷ்டிக்குள் உட்கார்ந்து வாசிப்பது ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. எந்த வாத்தியம் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம்.

அதே காலத்தில் யோஹான் லிண்ட்கிரேன் என்ற ஆசிரியரிடம் தனியாகப் பாடம் கேட்டார். இரண்டு மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில், ஒன்றோடு ஒன்று மோதாமல் நடக்கும்படி எழுதுகிற வித்தையில் லிண்ட்கிரேன் மகா கெட்டிக்காரர். அந்த வித்தையைத் தம் மாணவருக்கு விடாப்பிடியாகக் கற்றுக் கொடுத்தார். பிற்காலத்தில் நாட்டுப் பாட்டுகளுக்குக் கைகொடுத்தது இந்தப் படிப்புத்தான்.

புகழ் வந்தது

1897-ல் ஆல்வேனின் முதல் சிம்பொனி அரங்கேறியது. 1899-ல் இரண்டாவது சிம்பொனி. அதுதான் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

பிரபல சுவீடன் பாடகி ஜென்னி லிண்ட் பெயரால் ஓர் உதவித்தொகை உண்டு. அது 1900-ம் ஆண்டு முதல் மூன்று வருஷத்துக்கு அவருக்குக் கிடைத்தது. பல தேசங்களுக்கும் பிரயாணம் செய்தார். பெல்ஜியத்தில் வயலின் நுட்பம் கற்றார். ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில், வாத்திய கோஷ்டியை நடத்தும் முறையைக் கற்றார்.

1903-ல் ஓர் இசை எழுதினார். கோடைகாலத் திருவிழா இரவைப் பற்றியது அது.

சுவீடனில் குளிர்காலம் நீளமானது, இருட்டானது. அதனால் ஜூன் மாதத்தில் வரும் நடுக்கோடை விழா அங்கே பெரிய விசேஷம். அந்த நாட்களில் இரவு என்று பெயர்தான். வெளிச்சம் முழுதாகப் போவதே இல்லை. இலைகளும் பூக்களும் சுற்றிய உயரமான கம்பத்தை நட்டு, ஊரே அதைச் சுற்றி ஆடும். விடிய விடிய வயலின் ஒலிக்கும்.

அந்த இரவைத்தான் ஆல்வேன் வாத்திய கோஷ்டிக்கு எழுதினார். கிராமத்து வயலின்காரர்களின் நடன மெட்டுகளை அதில் சேர்த்தார். ஊர்க்காரனின் மெட்டைக் கையில் எடுத்தால் அதைக் கெடுக்காமல் பெரிய சபைக்குக் கொண்டுவர அவரால் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐம்பது வருஷம் கழித்து, 1953-ல், அந்த இசையின் தொடக்க மெட்டை அமெரிக்காவில் பெர்சி ஃபெய்த், இங்கிலாந்தில் மாண்டோவானி ஆகியோரின் கோஷ்டிகள் இசைத்தட்டில் வெளியிட்டன. தெருவில் போகிறவர்கள் எல்லாம் அதைச் சீட்டியடித்தார்கள். அதை எழுதிய கிழவர் சுவீடனில் உயிரோடு இருக்கிறார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஓவியரின் மனைவி

1902-ம் ஆண்டு, இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில், தாவோர்மினா என்ற ஊரில் ஆல்வேன் ஒரு பெண்ணைச் சந்தித்தார். பெயர் மேரி குரோயர்.

அவள் டென்மார்க் நாட்டு ஓவியர் பி. எஸ். குரோயரின் மனைவி. தானும் ஓவியம் கற்றவள். கணவரின் பல சித்திரங்களில் அவள் முகம் இருக்கிறது. கடற்கரையில் வெள்ளை உடையோடு நடக்கும் அந்த உருவம் டென்மார்க் முழுவதும் பிரசித்தம். ஆனால் அந்தச் சித்திரங்களில் இருந்த அமைதி வீட்டில் இல்லை. குரோயருக்கு மனநோய் வந்து வந்து போயிற்று. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

ஆல்வேனும் மேரியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். குரோயர் முதலில் விவாகரத்துக்குச் சம்மதிக்கவில்லை. பிறகு 1905-ல் சம்மதித்தார். அதே வருஷம் ஆல்வேனுக்கும் மேரிக்கும் மார்கிதா என்ற மகள் பிறந்தாள். ஆனால் சட்டப்படியான கல்யாணம் நடந்தது 1912-ல்தான். ஏழு வருஷம் அவள் காத்திருந்தாள்.

சுவீடனின் நடுப்பகுதியில் டாலர்னா என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே சில்யான் என்று ஓர் ஏரி. ஏரிக்கரையில் தெல்பெர்க் என்ற கிராமம். அங்கே ஆல்வேன் தம்பதிகளுக்கு ஒரு மரவீடு எழும்பியது. அந்த வீட்டுக்குத் திட்டம் போட்டவள் மேரிதான்.

மறைந்துகொண்டிருந்த பாட்டுகள்

டாலர்னா வட்டாரம் பழமையைக் கைவிடாத பூமி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்ட பாரம்பரிய உடை உடுத்திக் கோவிலுக்கு வருவார்கள். நீண்ட படகுகளில் ஏரியைக் கடந்து வருவதும் உண்டு. வயலின் வாசிப்பவர் இல்லாமல் அங்கே கல்யாணம் இல்லை.

ஆனால் சுவீடன் முழுவதும் காலம் மாறிக்கொண்டிருந்தது.

நிலம் போதவில்லை. 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சுவீடன் மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். மற்றும் பலர் தொழிற்சாலை வேலைக்காக நகரங்களுக்குப் போனார்கள். பல ஊர்களில் மத சம்பந்தமான புதிய எழுச்சி பரவியது. நடனமும் வயலினும் பாவம் என்று அது சொன்னது. அதைக் கேட்டு வயலினைத் தீயில் போட்டவர்களும் உண்டு.

பாட்டு காகிதத்தில் இல்லை. பாட்டியின் நினைவில் இருந்தது. பாட்டி கண்ணை மூடினால் பாட்டும் போய்விடும்.

இதைக் கண்டு கவலைப்பட்டவர்கள் முன்பே இருந்தார்கள். கெய்யர், அஃப்சேலியுஸ் என்ற இரு அறிஞர்கள் 1814 முதல் 1818 வரையில் நாட்டுப் பாட்டுகளைத் திரட்டி மூன்று புத்தகங்களாக வெளியிட்டார்கள். பிரபல ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1906-ல் டாலர்னாவில் கிராமத்து வாத்தியக்காரர்களுக்கு ஒரு போட்டியே நடத்தினார். புல்லாங்குழல், கொம்பு, வயலின் எல்லாம் அங்கே வந்தன.

பாட்டைப் புத்தகத்தில் எழுதி வைத்தால் அது அழியாது. சரிதான். ஆனால் அலமாரியில் இருக்கும் பாட்டு பாட்டு ஆகுமா? வாயில் இருந்தால்தான் பாட்டு. அந்தக் கிராமத்து வாய்கள் குறைந்துகொண்டே வந்தன. புதிய வாய்கள் வேண்டும். அந்த வாய்களை ஆல்வேன் கண்டுபிடித்தார்.

உப்சாலா மாணவர்கள்

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே உப்சாலா என்ற ஊர் இருக்கிறது. 1477-ல் தொடங்கிய பழம்பெரும் சர்வகலாசாலை அங்கே உண்டு. 1910-ல், தமது முப்பத்தெட்டாவது வயதில், அந்தச் சர்வகலாசாலையின் இசைத் தலைவராக ஆல்வேன் பதவி ஏற்றார். 1939 வரையில் அந்தப் பதவியில் இருந்தார்.

அதே 1910-ல் இன்னொரு பொறுப்பும் வந்தது. ஓர்ஃபேய் டிரெங்கர் என்ற ஆண்கள் பாடகர் கோஷ்டிக்கு அவர் தலைவரானார். ஓர்ஃபியஸ் என்பவர் கிரேக்கக் கதையில் வரும் பெரிய பாடகர். அவர் பாடினால் கல்லும் கரையும். அந்த ஓர்ஃபியஸின் வேலைக்காரர்கள் என்பதுதான் கோஷ்டியின் பெயருக்கு அர்த்தம். 1853-ல் தொடங்கிய கோஷ்டி அது.

உப்சாலாவில் பாட்டு என்பது மாணவர் வாழ்க்கையோடு ஒட்டியது. ஏப்ரல் 30-ந்தேதி மாணவர்கள் வெள்ளைத் தொப்பி அணிந்து, வசந்த காலத்தைப் பாடி வரவேற்பார்கள். மறுநாள் மே 1. ஆல்வேனின் பிறந்த நாள்!

அந்தக் கோஷ்டியை 1910 முதல் 1947 வரையில், முப்பத்தேழு வருஷம், ஆல்வேன் நடத்தினார். ஐரோப்பாவின் பல தேசங்களுக்கு அழைத்துக்கொண்டு போனார். மாணவனாகச் சேர்ந்தவனுக்குத் தலை நரைத்தது. தலைவர் மட்டும் மாறவில்லை.

வாத்தியம் எதுவும் கிடையாது. முதலில் ஒரு ஸ்வரம் காட்டுவார்கள். பிறகு வெறும் மனிதக் குரல்தான். குரல் சற்று இறங்கினாலும் தாங்கிப் பிடிக்க வாத்தியம் இல்லை. பக்கத்தில் நிற்பவரின் குரலைக் காது கொடுத்துக் கேட்டால்தான் தப்ப முடியும். ஆல்வேன் கண்டிப்பு மிக்க தலைவர்.

இந்தக் கோஷ்டிக்கு அவர் என்ன பாட்டுக் கொடுப்பது? சொந்தமாக எழுதினார். அதோடு, தேசத்தின் பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நாலு குரலுக்கு அமைத்துக் கொடுத்தார்.

நாலு குரல் எப்படி?

நாம் நாலு பேர் சேர்ந்து பாடினால் நாலு பேரும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். நாலு குரல் பாட்டு அப்படி அல்ல.

ஆண்கள் கோஷ்டியில் நாலு பிரிவு உண்டு. மேல் குரலில் இரண்டு பிரிவு, கீழ்க் குரலில் இரண்டு பிரிவு. பெரும்பாலும் மேல் பிரிவு மெட்டைப் பாடும். கடைசிப் பிரிவு ஆழத்தில் அஸ்திவாரம் போடும். நடுவிலுள்ள இரண்டு பிரிவுகளும் இடைவெளியை நிரப்பும். ஒரே சொல், ஒரே நேரம். ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு ஸ்வரம். நாலும் சேரும்போது ஐந்தாவதாக ஒன்று பிறக்கிறது. அது யாருடைய தொண்டையிலும் இல்லாத ஓர் ஒலி.

பழைய பாட்டில் இருப்பது மேல் மெட்டு மட்டும்தான். மற்ற மூன்றையும் அமைப்பவர் எழுத வேண்டும்.

இங்கேதான் தையற்காரர் மகனின் கைவரிசை தெரிகிறது.

நல்ல தையற்காரர் உடம்பை மாற்ற மாட்டார். சட்டையைத்தான் வெட்டுவார். ஆல்வேனும் அப்படியே. கோட்லாந்துப் பாட்டின் மெட்டு எளிமையானது. ஒரு குழந்தை கூடப் பாடிவிடலாம். அந்த எளிமை தெரியும்படி மற்ற மூன்று குரல்களையும் அதன் கீழே அமைத்தார்.

நல்ல தையலில் நூல் தெரியாது. நடுக் குரல்கள் என்ன பாடுகின்றன என்று கேட்பவருக்குத் தனியாகத் தெரியாது. ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் பாட்டின் வெதுவெதுப்பு போய்விடும்.

நல்ல தையற்காரர் ஆளுக்குத் தக்க துணி எடுப்பார். மெல்லிய பாட்டுக்கு மெல்லிய துணி. ஆல்வேன் அமைத்த இன்னொரு பாட்டு, பெண்ணொருத்தி வட்டத்துக்குள் ஆடுவதைப் பற்றியது. அதற்குத் துள்ளல் வேண்டும். காதல் துணையைப் பறித்துக்கொண்டவரைத் திருடன் என்று கேலி செய்யும் பாட்டு ஒன்று உண்டு. அதற்குக் குறும்பு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வெட்டு.

லிண்ட்கிரேனிடம் கற்ற வித்தையைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தால், அந்தச் சின்னப் பாட்டைச் சிக்கலான வலையாகப் பின்னியிருக்கலாம். அவருக்கு அது கஷ்டம் அல்ல. அப்படிச் செய்யவில்லை. வித்தை தெரிந்தவர் வித்தையை ஒளித்து வைப்பதுதான் கஷ்டம்.

ஒரு நியாயமான கேள்வி

இதற்கு எதிராகவும் ஒரு பேச்சு உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

சுவீடன் கிராமங்களில் பெரும்பாலும் ஒருவர் தனியாகத்தான் பாடினார். மாடு மேய்த்துக்கொண்டு, குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டு பாடினார். அவர் குரலில் நெளிவு சுளிவுகள் உண்டு. பியானோவில் அகப்படாத ஸ்வரங்கள் உண்டு. ஒரே பாட்டை இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி பாடுவார். படித்த மாணவர்கள் வரிசையாக நின்று நாலு குரலில் பாடினால் அது எப்படி நாட்டுப் பாட்டு ஆகும்? சட்டை அழகாக இருக்கலாம். ஆனால் உடம்பே மறைந்துவிட்டதே!

இது நியாயமான கேள்விதான். கோஷ்டிப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களில் பலர், பழங்காலத்திலும் இப்படித்தான் பாடினார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். அது ஒரு நஷ்டம். அந்த நஷ்டத்தை மறைக்கக் கூடாது.

ஆனால் லாபத்தையும் பார்க்க வேண்டும். தனியாகப் பாடிய அந்தப் பாட்டியின் பேரன் நகரத்துக்குப் போய்விட்டான். அவனுக்கு மாடும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. பாட்டைப் பாட அவனுக்கு ஒரு புதிய சமயம் வேண்டியிருந்தது. கோஷ்டி அந்தச் சமயத்தைக் கொடுத்தது. வேலை முடிந்து மாலையில் நாலு பேரோடு நின்று அவன் மறுபடியும் அந்தப் பாட்டைப் பாடினான்.

ஆல்வேன் படித்தவர்களோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். சில்யான் ஏரி வட்டாரத்தின் பாடகர் கோஷ்டியை 1904 முதல் 1957 வரையில் அவர் நடத்தினார். ஐம்பத்து மூன்று வருஷம்! கிராமத்தில் எடுத்ததைக் கிராமத்துக்கே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் வீசிய புயல்

வெளியே புகழ் வளர்ந்தது. 1916-ல் சுவீடன் கொடியைப் பற்றி அவர் இசையமைத்த பாட்டு தேசிய விழாக்களில் இடம் பிடித்தது. 1919-ல் நான்காவது சிம்பொனி அரங்கேறியது. கடலையும் காதலையும் பற்றிய இசை அது. அதில் ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும் வரும். சொல்லே கிடையாது. ஒலி மட்டும்தான். இப்படியெல்லாம் காதலை வெளிப்படையாகக் காட்டலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். 1923-ல், புல்வெளிப் பாட்டை அமைத்த அதே வருஷம், மலை அரசன் கதையைச் சொல்லும் அவருடைய நாட்டிய நாடகம் ஸ்டாக்ஹோமில் மேடை ஏறியது. 1932-ல் குஸ்தாவ் அடால்ஃப் மன்னர் போரில் மாண்டு முந்நூறு ஆண்டு நிறைந்தபோது ஒரு நாடகத்துக்கு இசை எழுதினார். அதில் வரும் சோக கீதத்தை இன்றும் துக்க நேரங்களில் வாசிக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் அமைதி இல்லை. நாலு குரலை ஒன்றாக இணைக்கத் தெரிந்தவருக்கு இரண்டு மனங்களைச் சேர்த்து வைத்திருக்கத் தெரியவில்லை. அவர் மனம் வேறொரு பெண்ணிடம் போயிற்று. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1936-ல் விவாகரத்து ஆயிற்று.  மேரி 1940-ல் காலமானாள்.

மேதைகளின் வாழ்க்கையை எழுதும்போது இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. அந்தப் பெண் கொடுத்த விலையும் இந்தக் கதையில் ஒரு குரல்.

1936-ல் ஆல்வேன் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். அந்த மனைவியும் அவருக்கு முன்னால் காலமானாள். 1959-ல், எண்பத்தேழாவது வயதில், மூன்றாவது முறையாகக் கல்யாணம் செய்துகொண்டார்.

ஜனங்கள் கட்டிக் கொடுத்த வீடு

1942-ல் ஆல்வேனுக்கு எழுபது வயது நிறைந்தது. அதையொட்டி சுவீடன் மக்கள் நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தில் டாலர்னாவில், லெக்சாண்ட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள திப்ளே கிராமத்தில், அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். 1945-ல் அவர் அங்கே குடியேறினார். தையற்காரரின் மகனுக்கு ஒரு தேசமே வீடு கட்டிக் கொடுத்தது! இன்று அது ஒரு காட்சிசாலை.

வயதானாலும் கை சும்மா இருக்கவில்லை. தம் வாழ்க்கைக் கதையை நாலு பாகமாக எழுதினார். 1946-ல் முதல் பாகம் வந்தது. 1952-ல் கடைசிப் பாகம். 1954-ல், எண்பத்திரண்டு வயதில், தம்முடைய இசையைத் தாமே நடத்தி ஒலிப்பதிவு செய்தார். இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒலி கேட்கும் ஸ்டீரியோ முறையில் சுவீடனில் பதிவான முதல் சாஸ்திரீய சங்கீதம் அதுதான். 1957-ல், எண்பத்தைந்து வயதில், ஊதாரி மகன் கதைக்கு நாட்டிய இசை எழுதினார். அதிலும் நாட்டுப்புற மெட்டுகள் துள்ளி வந்தன.

ஒன்றுதான் அவருக்குச் சரியாக வரவில்லை. ஐந்தாவது சிம்பொனி. 1942-ல் தொடங்கிய அதைப் பத்து வருஷத்துக்கு மேல் அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். பெரிய இசையில் தம் கடைசிச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்ற தாகம். அந்தத் தாகம் முழுதாகத் தீரவில்லை.

1960-ம் ஆண்டு மே மாதம் 8-ந்தேதி, ஃபாலுன் நகரில் ஹியூகோ ஆல்வேன் காலமானார். வயது எண்பத்தெட்டு. லெக்சாண்ட் கோவில் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சில்யான் ஏரிக்கு அருகில் உள்ள ஊர் அது.

அவர் குடும்பத்தில் இன்னொரு மேதையும் உண்டு. உடன்பிறந்தவரின் மகன் ஹான்னஸ் ஆல்வேன் 1970-ல் பௌதிக சாஸ்திரத்துக்கு நோபல் பரிசு பெற்றார். விண்வெளியில் பரவும் ஒருவகை அலைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பெரியப்பா, சித்தப்பா வழியில் ஒலி அலை. மகன் வழியில் விண்வெளி அலை!

எது அவருடையது?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்த மூன்று நிமிஷப் பாட்டில் ஆல்வேனுடையது எது?

மெட்டு அவருடையது அல்ல. சொல்லும் அவருடையது அல்ல. அவை பெயர் தெரியாத தீவுக்காரருடையவை. அவர் கொடுத்தது மற்ற மூன்று குரல்களை. கூட நின்று பாடத் துணையை.

அவர் நடத்திய ஓர்ஃபேய் டிரெங்கர் கோஷ்டி உப்சாலாவில் இன்றும் பாடுகிறது. 2008-ல் சிசிலியா ரூதிங்கர் என்ற பெண்மணி அந்த ஆண்கள் கோஷ்டிக்குத் தலைவியானார். தலைவர்கள் மாறினார்கள். பாடுகிறவர்கள் மாறினார்கள். பாட்டு மாறவில்லை.

கோடைகால மாலையில் எங்கோ ஓர் ஏரிக்கரையில் நாலைந்து பேர் நின்று அந்தப் பாட்டைத் தொடங்குகிறார்கள். ஒருவர் மெட்டைப் பிடிக்கிறார். மற்றவர்கள் தத்தம் குரலில் சேர்ந்துகொள்கிறார்கள். காகிதம் வேண்டாம். மனப்பாடம். இதை அமைத்தவர் யார் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டால் சற்று யோசிக்கக் கூடும். பழைய பாட்டுத்தானே, இது இப்படித்தானே இருந்தது என்று சொல்லக் கூடும்.

சட்டை போட்டிருப்பதே தெரியாமல் உடம்போடு ஒட்டிவிட்டது. ஒரு தையற்காரருக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறு என்ன இருக்கிறது?